சுவர்ப் பக்கத்து இலைகள்

டிசம்பர் 2

பட்டாணி,

நேற்று உன் பெட்டி வந்து சேர்ந்தது. கொண்டுவந்த ஆள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றான். போட்டேன். ஐந்தாவது வரை படித்த கையெழுத்து ஆயிற்றே, ஒவ்வொரு எழுத்தும் மற்றதோடு சண்டை போட்ட மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும் என்று நீ கேலி செய்வாய். அவன் அவசரப்படுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பான்.

இந்தக் கடிதத்துக்கு விலாசம் கிடையாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சட்டைக்குக் காஜா போட்டுப் பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்கு ஒரு வேலை கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்.

பெட்டியில் உன் துணிகள், சீப்பு, சார்ஜ் இறங்கிய போன், நான் கொடுத்த நூல் கத்தரி, தொட்டியோடு செடி, அப்புறம் நான் உனக்கு எழுதிய கடிதங்கள், எல்லாம் உறையோடு. நீ எனக்கு எழுதியவை என் தையல் பெட்டியில் இருந்தன. இரண்டையும் தரையில் பரப்பித் தேதி பார்த்து அடுக்கியிருக்கிறேன். முதலிலிருந்து படிக்கப் போகிறேன். நான் எங்கே கோட்டை விட்டேன் என்று பார்க்க வேண்டும்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பட்டாணி உடையாமல் நசுங்காமல் வந்து சேர்ந்துவிட்டாள். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

செடியை ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது பூவா, முட்டைக்கோஸா?" என்றார். "ரெண்டும் இல்லீங்க, எங்க அக்கா பெத்தது" என்றேன். அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

வேலை, பழத்தைத் தரம் பார்த்துப் பெட்டியில் அடுக்கிக் குளிர்க்கிடங்குக்குள் தள்ளுவது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறோம். விடுதி கிடங்கை ஒட்டியே இருக்கிறது. எனக்குத் தரைத்தளத்தில் கடைசி அறை. மொத்தம் மூன்று பேர். என் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளிர் எந்திரம். எந்நேரமும் பெரிய மாடு ஒன்று மூச்சு விடுகிற மாதிரி சத்தம் வருகிறது. பழகிவிடும் என்கிறார்கள். விடுதியிலேயே சன்னல் உள்ள அறை இது ஒன்றுதான், அதனால் எனக்கு யோகம். சன்னலும் அந்தச் சுவரும் சேருகிற மூலையில் செடியை வைத்திருக்கிறேன்.

வந்து சேர்ந்த அன்றே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். வேலையை விட்டுப் போகும்போது தருவார்களாம். கடிதம் எழுதினால் ஒட்டாமல் விடுதிக்காரம்மாவிடம் கொடுக்க வேண்டும், அவரே ஒட்டி அனுப்புவார். வருகிற கடிதத்தைப் பிரிக்காமல்தான் தருகிறார்கள். எனக்குப் பசை மிச்சம்.

மாத்திரையை மறக்காமல் போடு.

உன் பட்டாணி


மார்ச் 22

பட்டாணிக்கு அக்கா எழுதுவது.

நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதை முதலில் எழுது, பெரியவர் கதையெல்லாம் அப்புறம்.

செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி உன் பாசத்தைக் காட்டாதே. விரலை மண்ணில் விட்டுப் பார். அடி வரை காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும், அதுவும் ஓரமாக. நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். இலை மேல் மாவு பூசின மாதிரி இருக்கிறதே, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே. போனால் திரும்ப வராது.

அடி இலை ஒன்றிரண்டு உதிரத்தான் செய்யும். உதிர்ந்ததை உடனே மண்ணில் வைக்காதே. காம்பு காய வேண்டும். காகித உறைக்குள் போட்டுப் பத்து நாள் விட்டுவிடு, பிறகு மண்மேல் சும்மா படுக்க வை. அதுவே வேர் விடும். எங்கள் தையல் யூனிட்டில் முதலாளி அறையைக் கூட்டும்போது கிடைத்த ஒற்றை இலையிலிருந்துதான் நம் செடி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதனால் என் உறைகளைக் கிழிக்காதே. நூல் கத்தரியால் ஓரத்தை மட்டும் வெட்டு. ஓர் உறைக்கு ஓர் இலை.

சுவர் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போதுமா? உன் கண் எப்படி இருக்கிறது, கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் போடும்போது இன்னும் எரிகிறதா?

நீ சொல்வதற்கு முன்பே உன் உறையைக் கத்தரியால்தான் வெட்டியிருந்தேன், இப்போது இலையும் போட்டுவிட்டேன். அறைத்தோழி ஒருத்தி இருக்கிறாள், ஒல்லி என்று கூப்பிடுவோம். "லெட்டருக்கு ஆபரேஷன் பண்றா பாரு" என்று சிரிக்கிறாள்.

ஓர் அதிசயம், அக்கா. செடி சிவந்துவிட்டது! முதலில் நுனி மட்டும். இப்போது இலை ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு, நடுவில் கத்திரிக்காய் நிறம். வீட்டில் ஒரு நாளாவது இப்படி இருந்திருக்கிறதா? எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். விடுதிக்காரம்மாகூட, "பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார்.

அந்தச் சுவர் இப்போது தொட்டால் சில்லென்று இருக்கிறது. முன்பு இல்லை. மற்றபடி எல்லாம் சௌகரியம்.

உன் பட்டாணி


மே 17

பட்டாணிக்கு அக்கா எழுதுவது.

கண் எரிகிறது, ஆனால் பார்க்கிறது. உனக்குச் சளி கிளி ஒன்றும் இல்லையே?

உன் கடிதத்தை யூனிட்டுக்கே எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் எதிர் மிஷின்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான். "உன் தங்கச்சி கை ராசிக்கை" என்றாள் அவள். எனக்கு ஒரே பெருமை. இங்கே என்னிடம் இருக்கிற தாய்ச்செடி கொழுகொழுவென்று பச்சையாகவே உட்கார்ந்திருக்கிறது, ஒரு புள்ளி சிவப்புக் கிடையாது. நான் ஆறு வருஷம் சீராட்டியும் காட்டாத நிறத்தை உனக்கு இரண்டே மாதத்தில் காட்டிவிட்டது.

அந்த இடம் அதற்கு ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். செடிக்கு ஒத்துக்கொண்டால் உனக்கும் ஒத்துக்கொள்ளும். எதையும் மாற்றாதே. தொட்டியை நகர்த்தக்கூட வேண்டாம்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்றே எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

ஒல்லி போய்விட்டாள். பதினைந்து நாளாக இருமிக்கொண்டே இருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. வீட்டிலிருந்து அண்ணன் வந்து கூட்டிப்போனான். இன்னொருத்தி மாடிக்கு மாறிவிட்டாள். இப்போது அறைக்கு நானே ராணி.

சில நாள் சுவர்ப் பக்கமிருந்து ஒரு நெடி வருகிறது. முடிச்சாயம் கரைக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி. சன்னலைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். சூப்பர்வைசரிடம் சொன்னேன். "பழத்துக்கே ஒண்ணும் ஆகல, உனக்கென்ன?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாடியில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. எட்டுப் பேர் அறை. சன்னல் கிடையாது, நாள் முழுக்க டியூப் லைட்தான். வேண்டுமானால் மாறிக்கொள் என்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் சொல்ல வேண்டும். மாறட்டுமா, அக்கா? செடியை என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன். நீ சொல்வதைக் கேட்டுச் செய்கிறேன்.

உன் பட்டாணி


ஜூலை 9

பட்டாணிக்கு அக்கா எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒல்லிக்கு இருமல் என்றால் அவள் உடம்பு அப்படி. நீ சின்ன வயதிலிருந்தே மழையில் நனைந்தாலும் தும்மாதவள்.

மாறாதே. ஒரு பெண் தனியாகக் காலை நீட்டிப் படுக்க அறை கிடைப்பது சாதாரணமா? எட்டுப் பேருக்கு நடுவில் போய் நசுங்குவானேன்? வெளிச்சம் இல்லாத இடத்தில் வைத்தால் செடி வெயிலைத் தேடித் தேடிக் கழுத்து நீண்டு, வெளுத்து, உருக்குலைந்தே போய்விடும். இவ்வளவு அழகாகச் சிவந்திருக்கும்போது எதற்கு இடம் மாற்றுவது?

நெடி எங்கேதான் இல்லை? எங்கள் யூனிட்டில் கறை எடுக்கிற மருந்து அடிக்கும்போது எனக்குத் தலை சுற்றும். பதினாறு வருஷமாக அதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறேன், செத்தா போய்விட்டேன்? சன்னலைத் திறந்து வை. நல்லதுதான் நடக்கும்.

அக்கா


ஆகஸ்ட் 30

பட்டாணிக்கு அக்கா எழுதுவது.

ஐம்பது நாளாகிறது. ஒரு வரி இல்லை. கோபமா? மாடிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, நான் தடுத்துவிட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாயா? சின்ன வயதில் கோபம் வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய். தேடாத மாதிரி நான் தேடுவேன். இப்போது எங்கே வந்து தேடுவது?

ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். "வேலையில இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்றார் ஒரு அம்மா. நான் உன் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

செடி எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வேலை அதிகம். இதற்கு முன்னால் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வரவில்லை போலிருக்கிறது. இங்கே எல்லாரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

லேசான இருமல், அவ்வளவுதான். நீ சொன்ன மாதிரி அறையிலேயே இருக்கிறேன்.

செடி ரொம்பச் சிவப்பு. இவ்வளவு சிவப்பை நீ பார்த்திருக்கவே மாட்டாய். சுவர்ப் பக்கத்து இலைகளில் மட்டும் கறுப்பாக ஏதோ விழுகிறது. சன்னல் பக்கத்து இலைகளுக்கு ஒன்றும் இல்லை. கறுத்த இலை ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த செடிக்கடைக்காரரிடம் காட்டு, அக்கா. மறக்காமல் காட்டு.

நான் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தேன். பேனா கசிந்துவிட்டது, அதனால் அடித்துவிட்டேன்.

உன் பட்டாணி


அக்டோபர் 16

பட்டாணி,

சுகம் கிகம் எல்லாம் கேட்க நேரம் இல்லை. இதைப் படித்த கையோடு துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போ. கட்டில் இல்லை என்றால் தரையில் படு. செடியை அங்கேயே விட்டுவிடு. செடி செத்தால் சாகட்டும்.

இலையைச் செடிக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு இன்றைக்குத்தான் போனேன். முதலில் பெருமையாக, "எங்க தங்கச்சி செடி என்னமா செவந்திருக்குன்னு தெரியுமா?" என்றேன். அவர் இலையைப் புரட்டிக்கொண்டே, "செவந்தா சந்தோஷமா இருக்குன்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?" என்றார். "குளிர் தாங்கல, தாகம் தாங்கலன்னா இது செவக்கும். கொஞ்சம் செவந்தா அழகு. மாசக்கணக்கா இப்படி ரத்தமா இருந்தா அது கத்துதுன்னு அர்த்தம். பச்சையா, குண்டா, சும்மா உக்காந்திருந்தாத்தான் நிம்மதியா இருக்கு."

கறுப்பு எதனால் என்று கேட்டேன். பூச்சி இல்லையாம், அழுகலும் இல்லையாம். ஏதோ சுட்டிருக்கிறது என்றார். "எந்தப் பக்கத்து இலை?"

"சுவர்ப் பக்கம்."

"அந்தச் சுவருக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

சொன்னேன். இலையைக் கீழே வைத்துவிட்டார். குளிர் எந்திரத்தில் ஓடுகிற வாயுவுக்கு அமோனியா என்று பெயராம். கசிந்தால் முதலில் செடிதான் காட்டுமாம். "உங்க தங்கச்சிய அங்கேருந்து கிளப்புங்கம்மா, இன்னிக்கே" என்றார்.

நான் அவர் கடை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பேப்பர் அவர் கொடுத்தது. ஆபீசுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மாதக் கடைசியில் இங்கே சரக்கு ஏற்றுகிறார்கள், லீவு கேட்டால் வேலை போய்விடும். ஒன்றாம் தேதி நானே வந்து உன்னைக் கூட்டிவருகிறேன். அதுவரை மாடியில் இரு.

நான் சொன்னது தப்பு, பட்டாணி. நான் மாறாதே என்றது தப்பு. மாறு.

அக்கா


நவம்பர் 24

அம்மையீர்,

தாங்கள் நேரில் வந்து சென்றபின் எஞ்சியிருந்த தங்கள் சகோதரியின் பொருட்கள் தனிப் பெட்டியில் அனுப்பப்படுகின்றன. பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிடவும்.

அக்டோபர் 25ஆம் தேதி காலை எந்திர அறைக் குழாயில் ஏற்பட்ட கசிவு எதிர்பாராதது. தரைத்தளக் கடைசி அறையிலிருந்து மாடிக்கு மாறிக்கொள்ள அவருக்கு முன்கூட்டியே வாய்ப்பு அளிக்கப்பட்டது. குடும்பத்தினரின் ஆலோசனைப்படி தாம் அதே அறையில் தங்க விரும்புவதாக அவர் ஜூலை 18ஆம் தேதி எழுதிக் கொடுத்த கடிதம் எங்களிடம் உள்ளது.

தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்.

விடுதிக் காப்பாளர்


டிசம்பர் 27

பட்டாணி,

எல்லாவற்றையும் படித்து முடிக்க இத்தனை நாளாகிவிட்டது. ஒரு கடிதம் படித்தால் இரண்டு நாள் அடுத்ததைத் தொட முடியவில்லை. எங்கே கோட்டை விட்டேன் என்று தேட வேண்டியதே இல்லை. என் கையெழுத்திலேயே இருக்கிறது. என் ஒன்பதாம் தேதிக் கடிதம் கையில் வந்ததும் நீ அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

செடி என் சன்னலில் இருக்கிறது. சுவர்ப் பக்கத்து இலைகள் எல்லாம் கருகி உதிர்ந்துவிட்டன, அந்தப் பக்கம் வெறும் தண்டுதான். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. காய்ந்த மண்ணில் தண்ணீர் விட்டேன், காலை வெயிலில் வைத்தேன். நாலு வாரத்தில் சிவப்பு வடிந்துவிட்டது. நேற்று பார்க்கிறேன், நடுக்குருத்து பச்சையாக, குண்டாக இருக்கிறது. எதிர் மிஷின்காரி வந்தவள், "ஐயோ, அந்த அழகெல்லாம் போயிடுச்சே" என்றாள். அவளை வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

ஒன்று உன்னிடம் கேட்க வேண்டும். பெட்டி வந்த அன்றே கண்ணில் பட்டது, எழுதத்தான் கை வரவில்லை.

என் உறைகள் ஐந்து. நாலு உறை கத்தரியால் ஓரம் வெட்டியது, நூல் பிடித்த மாதிரி நேராக. ஒவ்வொன்றிலும் ஓர் இலை. அதில் இரண்டு, மண்ணே படாமல், இளஞ்சிவப்பாக வேர்கூட விட்டிருக்கின்றன. நீ ஒரு முறைகூட மறக்கவில்லை.

ஐந்தாவது, நான் செடிக்கடை வாசலில் எழுதியது. அது உன் ஊருக்கு வந்து சேர்ந்த முத்திரை அக்டோபர் 23. இருபத்தைந்துக்கு நடுவில் முழுசாக ஒரு நாள் இருக்கிறது. அந்த உறையில் இலை இல்லை. கத்தரி படவில்லை. விரலை விட்டுக் கோணல்மாணலாகக் கிழித்திருக்கிறது. உள்ளே கடிதம் நாலாக மடித்திருந்தது. நான் எப்போதும் மூன்றாகத்தான் மடிப்பேன்.

கத்தரி எடுக்கக்கூடப் பொறுமை இல்லாமல் நீயே கிழித்திருந்தால், மாறு என்று நான் எழுதியதைப் படித்திருப்பாய். அக்கா தப்பை ஒத்துக்கொண்டாள் என்று தெரிந்திருக்கும். அப்புறமும் ஏன் அந்த அறையில் இருந்தாய்? மாடிக்குப் போகிறேன் என்று கேட்டும் அவர்கள் விடவில்லையா? வேறு கை கிழித்திருந்தால், நீ கடைசி வரை என் பழைய பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் அந்தச் சுவரோரம் படுத்திருந்தாய்.

இரண்டில் எது என்று தெரிந்தால் நான் எதற்கு அழுகிறேன் என்றாவது எனக்குத் தெரியும். விடுதிக்காரம்மாவிடம் போனில் கேட்டேன். "எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லைங்க" என்றார். நான் எந்தப் பழக்கம் என்று சொல்லவே இல்லை.

உறையை எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கிழிசலில் என் விரலை வைத்துப் பார்த்தேன். உன் விரல் என் விரலைவிடச் சின்னது.

பட்டாணி, இதைக் கிழித்தது நீதானாடி?